லேடாங் மலை ஏறிய அறிஞர் வாலஸ்



தம்பின், கிம்மாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு லேடாங் மலையை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மேகம் இல்லாத காலை வேளைகளில் தூரத்தில் நீலமாகத் தெரியுமே, அதே மலைதான். 1854ஆம் ஆண்டில் அந்த மலை மீது ஒரு வெள்ளைக்காரர் ஏறினார். அவர் தோட்டத்துத் துரையும் அல்ல, கவர்னரும் அல்ல. கையில் பூச்சி பிடிக்கும் வலையும் தோளில் துப்பாக்கியுமாய் வந்த ஏழை. நம் நாட்டில் அப்போது கித்தா மரம் ஒன்றுகூடக் கிடையாது. முதல் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததே 1877இல்தான். எங்கு பார்த்தாலும் காடு. அந்தக் காட்டைத் தேடி வந்தவர்தான் ஆல்பிரட் ரசல் வாலஸ்.

வாலஸ் 1823 ஜனவரி 8ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் கையிலிருந்த பணத்தை இழந்துவிட்டபடியால், பிள்ளையின் படிப்பு 14 வயதளவில் நின்றுபோனது. பிறகு அண்ணனோடு சேர்ந்து நிலம் அளக்கும் வேலை. வயல் வெளிகளில் சங்கிலி பிடித்து நடந்த நாட்களில் செடி கொடிகளின் பெயர்களைத் தாமாகவே கற்றார். 1844இல் லெஸ்டர் நகரில் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். (வாத்தியார் வேலை அவருக்கும் தெரியும் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்!) அங்கே நண்பரான பேட்ஸ் என்பவரோடு 1848இல் அமேசான் காட்டுக்குப் புறப்பட்டார். நான்கு வருட உழைப்பு. 1852இல் ஊர் திரும்பும் வழியில், நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. சேர்த்து வைத்த பொருட்களில் பெரும்பகுதி சாம்பல். படகில் பத்து நாட்கள் தத்தளித்த பிறகுதான் வேறொரு கப்பல் காப்பாற்றியது. வேறு ஆளாயிருந்தால் காடே வேண்டாம் என்று கும்பிடு போட்டிருப்பார். இவரோ இரண்டே வருடத்தில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்.

1854 ஜூலையில் மலாக்கா வந்தார். அங்கே காய்ச்சல் கண்டது. நம்ப தாத்தா பாட்டிகளுக்குப் பழக்கமான அதே கொய்னா மருந்தைச் சாப்பிட்டு எழுந்தார். பிறகு மலாய்க்காரர் சிலரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு லேடாங் மலைக்குப் போனார். அட்டைக்கடியைச் சொல்லி முடியாது. மேலே தண்ணீர் கிடைக்காதபோது, மலாய்க்காரர் குரங்குச் சட்டி என்று சொல்லும் குடுவைச் செடியில் தேங்கிய நீரைக் குடித்தார்கள். அதிலே பூச்சிகள் வேறு மிதந்தன. யானைச் சாணமும் காண்டாமிருகத்தின் கால்தடமும் கண்டு இரவில் நெருப்பை அணையவிடாமல் காத்தார்கள். குவாங் என்னும் பெரிய காட்டுப் பறவையின் குரல் கேட்டது. பறவையை மட்டும் பார்க்க முடியவில்லை. கீழே எங்கும் காணாத விசிறி போன்ற பெரணிச் செடிகள் மலை உயரத்தில் மட்டும் வளர்ந்திருந்தன.

இந்தப் பெரணி விஷயத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வாலஸ் எட்டு ஆண்டுகள் தீவு தீவாக அலைந்தார். சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர் பல ஆண்டுகள் கூடவே இருந்து சமைத்தார், பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்தார். சேர்த்தவை 1,25,660. அவற்றில் பலவற்றை லண்டனில் விற்றுத்தான் பயணச் செலவைக் கவனித்தார். 1858இல் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்ற விடை அவருக்குத் தோன்றியது. அதை எழுதி சார்ல்ஸ் டார்வினுக்கு அனுப்பினார். இருவர் எழுத்தும் அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டது. டார்வின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. எந்த உயிர் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பாலித் தீவையும் லொம்போக்கையும் பிரிப்பது ஒரு சிறிய நீரிணைதான். ஆனாலும் பாலியில் பார்த்த பல பறவைகள் லொம்போக்கில் இல்லை. அங்கே வெள்ளைக் கொண்டைக்கிளி கத்தியது. காரணம் கடலின் ஆழம். மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவற்றைச் சுற்றியுள்ள கடல் ஆழமற்றது, இவையெல்லாம் ஒரு காலத்தில் ஒரே நிலமாய் இருந்தன என்று வாலஸ் எடுத்துக்காட்டினார். இன்று நமக்குக் கணக்கும் தெரியும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பூமி குளிர்ந்திருந்தபோது, கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. மலாக்கா நீரிணை இருக்கும் இடத்தில் யானை நடந்தே போகலாம்!

1861இல் ஜாவாவில் பங்கராங்கோ மலை ஏறினார். 3,000 மீட்டர் உயரம். உச்சியில் ஐரோப்பியக் குளிர்நாட்டுச் செடிகளின் சொந்தக்காரச் செடிகள் பூத்திருந்தன. வெயில் கொளுத்தும் ஜாவாவில் இதென்ன அதிசயம்? வாலஸ் சொன்ன விளக்கம் இது: உலகம் குளிர்ந்த காலத்தில் அந்தச் செடிகள் தாழ்நிலம் வழியாகத் தெற்கே பரவின. உலகம் மறுபடி சூடானபோது குளிர்ச்சியைத் தேடி மேலே மேலே ஏறி மலை உச்சியில் தங்கிவிட்டன. தட்பவெப்பம் மாறினால் உயிர்கள் வீடு மாற்றும். 1869இல் வந்த தம் மலாய்த் தீவுக்கூட்ட நூலில் இதை எழுதினார். 1880இல் தீவு வாழ்வைப் பற்றிய நூலில் இன்னும் விரிவாக எழுதினார்.

இப்போது லேடாங் பெரணிக்கு வருவோம். வாலஸ் வந்த காலத்துக்கு இன்று உலகம் 1 பாகைக்கும் மேல் சூடேறிவிட்டது. எரித்த நிலக்கரியும் எண்ணெயும், அழித்த காடும்தான் முக்கியக் காரணம். மலையில் 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 பாகை குளிரும். ஆகவே பழைய குளிர்ச்சி வேண்டும் என்றால் ஒரு செடியோ பூச்சியோ 170 மீட்டர் அளவு மேலே போக வேண்டும். சபாவின் கினபாலு மலையில் 1965இல் அந்துப்பூச்சிகளைக் கணக்கெடுத்த இடங்களில் 2007இல் மறுபடி எடுத்தார்கள். 42 ஆண்டுகளில் அவை சராசரியாக 67 மீட்டர் மேலே போயிருந்தன. கினபாலு 4,095 மீட்டர். ஏறுவதற்கு இடம் உண்டு. நம் லேடாங் 1,276 மீட்டர்தான். உச்சிக்குப் போன பிறகு ஆகாயம்தானே இருக்கிறது?

வேறு மலைக்குப் போகலாமே என்பீர்கள். அன்று நடுவில் காடு தொடர்ந்து இருந்தது. இன்று கித்தாவும் செம்பனையும் நெடுஞ்சாலையும் இருக்கின்றன. தோட்டத்தை நான் குறை சொல்லவில்லை. நம் முன்னோர் இரத்தம் சிந்தி உண்டாக்கியது, நமக்குச் சோறு போட்டது. ஆனால் காட்டுக் குருவிக்கு அது கடல் மாதிரி. வாலஸ் குழு தடம் பார்த்த அந்தக் காண்டாமிருக இனம் வேட்டையாலும் காடழிவாலும் 2019இல் மலேசியாவில் அற்றே போனது. கடைசியாக இருந்தது சபாவில் ஒரு பெண் விலங்கு.

நம் மாநிலத்தின் பாசோ காட்டையும் பாருங்கள். மூன்று பக்கமும் செம்பனை சூழ்ந்த தாழ்நிலக் காடு அது. அங்கே 1980களில் 50 ஹெக்டரை அளந்து, சுண்டுவிரல் பருமனுள்ள மரத்தைக்கூட விடாமல் எண் கட்டினார்கள். 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், 800க்கும் மேற்பட்ட இனங்கள்! மெராந்தி போன்ற மரங்கள் வருடா வருடம் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, குளிர்ந்த இரவுகளும் வறட்சியும் சேர்ந்து வந்தால் கூட்டமாகப் பூக்கும். அந்த விதையை நம்பிக் காட்டுப்பன்றி முதல் எத்தனையோ உயிர்கள் இருக்கின்றன. அந்தக் குளிர்ச்சியே வராமல் போனால் காடு எப்போது பூக்கும்? ஆராய்ச்சியாளர்கள் கவலைப்படுவது இதற்குத்தான். இலையுதிர் காலம் தவறினால் பால் வெட்டுக் கணக்கு எப்படிப் புரளும் என்று அறிந்த உங்களுக்கு இது எளிதில் விளங்கும்.

வாலஸ் 1862இல் ஊர் திரும்பினார். பெயர் வந்தது, பணம் வரவில்லை. டார்வின் முயன்றதால் 1881இல் அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை கொடுத்தது. கடைசிவரை எழுதிக்கொண்டே இருந்து, 1913 நவம்பர் 7ஆம் நாள் தம் 90ஆம் வயதில் காலமானார். அவர் பிடித்த வண்டுகளும் வண்ணத்துப்பூச்சிகளும் லண்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. ஊசியில் குத்திய பூச்சிக்கு அடியில், பிடித்த இடத்தின் பெயரைத் தாங்கிய சின்னஞ்சிறு சீட்டு.