ஷாங் யாங்: பழியும் பங்களிப்பும்

கொடுங்கோன்மையின் சிற்பி என இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பழிக்கப்பட்டவர் ஷாங் யாங். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் சீனத்தின் சின் நாட்டில் அமைச்சராக விளங்கிய அவர், பிறப்பால் வந்த சலுகைகளைக் குறைத்து, போர்க்களத்தில் காட்டிய திறனுக்கு உயர்வளித்தார். பட்டத்து இளவரசர் சட்டத்தை மீறியபோது, இளவரசரின் ஆசிரியர்களைத் தண்டித்தார்.

ஒருவரின் குற்றத்துக்கு அண்டை வீட்டாரையும் பொறுப்பாக்கிய கடுமையை நியாயப்படுத்த இயலாது. ஆனால், கி.மு. 338-இல் அந்த இளவரசர் அரியணை ஏறியதும் ஷாங் யாங் கொல்லப்பட்டார். அவர் வகுத்த சட்டங்களோ கைவிடப்படவில்லை. கி.மு. 221-இல் சீனம் ஒன்றுபட்டதற்கு அவையே அடித்தளம்.

தப்பியோடிய அவருக்கு, அவரது சட்டத்தைக் காட்டியே விடுதியில் இடம் மறுக்கப்பட்டதாக மரபுக்கதை உண்டு. உயர்குடியினரையும் சட்டத்துக்குக் கட்டுப்படுத்திய துணிவைப் போற்றுவோம். கருணையற்ற சட்டம் தன்னை இயற்றியவரையும் காக்காது என்பதையும் மறவாதிருப்போம்.