அடம்பிடித்த வளையம்



பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று குப்குப்பென்று புகை விட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக்கிடம் காட்டினால், வண்டி ஆயில் குடிக்கிறது, ரிங் மாற்ற வேண்டும் என்பார். அந்த ரிங்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். வளையல் போல இருக்கும். ஆனால், ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். இந்தச் சின்ன வளையம் ஒரு பெரிய மனிதரைப் பாடாய்ப் படுத்தியது. அவர்தான் சோய்ச்சிரோ ஹோண்டா!

ஜப்பானில் ஹமமட்சு நகருக்கு அருகே ஒரு கிராமத்தில், 1906 நவம்பர் 17-ல் பிறந்தார் ஹோண்டா. அப்பா கொல்லர். அம்மா நெசவு செய்வார். ஊருக்குள் முதன்முதலாக ஒரு கார் வந்தபோது, சிறுவன் ஹோண்டா அதன் பின்னாலேயே ஓடினான். தரையில் சொட்டியிருந்த எண்ணெயை முகர்ந்து பார்த்து மகிழ்ந்தானாம்!

எட்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு முடிந்ததும், 1922-ல் டோக்கியோவில் 'ஆர்ட் ஷோகாய்' என்ற கார் பட்டறையில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? முதலாளியின் குழந்தையை முதுகில் சுமந்து பார்த்துக்கொள்வது! ஹோண்டா பொறுமையாக இருந்தார். மெல்ல மெல்லத் தொழில் கற்றார். அந்தப் பட்டறையில் ஒரு பந்தயக் காருக்கு விமான என்ஜினைப் பொருத்தினார்கள். ஹோண்டாவும் அதில் பாடுபட்டார். 1924-ல் அந்தக் கார் பந்தயத்தில் வென்றபோது, ஓட்டுநரின் பக்கத்தில் மெக்கானிக்காக அமர்ந்திருந்தார்!

1928-ல் ஹமமட்சுவுக்குத் திரும்பிக் கிளைப் பட்டறை தொடங்கினார். நல்ல பெயர், நல்ல வருமானம். ஆனாலும், பழுது பார்ப்பதோடு நின்றுவிடாமல், புதிதாக ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது பிஸ்டன் ரிங்.

என்ஜினில் சிலிண்டர் என்ற குழாய்க்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். பிஸ்டனைச் சுற்றியுள்ள பள்ளத்தில் இந்த வளையம் உட்காரும். வெளியே இருக்கும்போது சிலிண்டரைவிடச் சற்றே அகலம். அழுத்திப் பிடித்துத்தான் உள்ளே நுழைக்க வேண்டும். நுழைந்ததும் வில் போல விரிந்து, சுவரை ஒட்டிக்கொள்ளும். எரிந்த வாயு கீழே கசியாமல் தடுக்கும். எண்ணெய் மேலே ஏறாமல் வழித்துவிடும். வளையம் விரியாவிட்டால் வாயு கசியும்; எளிதில் நொறுங்கினால் என்ஜினே பாழாகும்!

ஹோண்டா இரவு பகலாக இரும்பை உருக்கி வார்த்தார். வளையம் உருவானது. ஆனால், அந்த வில் தன்மை வரவே இல்லை! சேமிப்பு கரைந்தது. கைத்திறமை மட்டும் போதாது என்று அப்போதுதான் புரிந்தது.

பேராசிரியர் ஒருவரிடம் வளையத்தைக் கொடுத்துச் சோதிக்கச் செய்தார். இரும்பில் சிலிக்கான் போதவில்லை என்று தெரிந்தது. வார்ப்பிரும்பில் சிலிக்கான் குறைந்தால், அது கடினமாகி எளிதில் நொறுங்கும். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் இத்தனை நாள் உழைத்தோமே என்று வருந்திய ஹோண்டா என்ன செய்தார்? முப்பது வயதில், தன்னைவிட இளையவர்களோடு ஹமமட்சு தொழிற்கல்லூரியில் பகுதிநேர மாணவராகப் போய் உட்கார்ந்தார்! அவருக்குத் தேவை அறிவு, சான்றிதழ் அல்ல. அதனால் தேர்வே எழுதவில்லை. கல்லூரி அவரை நீக்கிவிட்டது. (நீங்கள் இதைப் பின்பற்ற வேண்டாம், தேர்வை எழுதிவிடுங்கள்!)

ஒருவழியாக வளையம் உருவானது. டொயோட்டா நிறுவனத்துக்கு 50 வளையங்களைச் சோதனைக்குக் கொடுத்தார். தேறியவை எத்தனை? மூன்றே மூன்று!

ஒரு வளையத்தை நன்றாகச் செய்வது வேறு; ஆயிரம் வளையங்களை ஒன்றுபோலச் செய்வது வேறு அல்லவா? பல்கலைக்கழகங்கள், எஃகு ஆலைகள் என்று மேலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அலைந்து கற்றார். பிறகு டொயோட்டாவுக்கும் விமானத் தொழிற்சாலைக்கும் அவருடைய வளையங்கள் போகத் தொடங்கின.

1945-ல் நிலநடுக்கம் அவருடைய தொழிற்சாலை ஒன்றை இடித்துத் தள்ளியது. எஞ்சியதை விற்றுவிட்டு, மறு ஆண்டே சிறிய என்ஜினை மிதிவண்டியில் பொருத்தத் தொடங்கினார். 1948-ல் ஹோண்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது. 1958-ல் வந்த அதன் 'சூப்பர் கப்' வகை வண்டிகள், 2017-க்குள் பத்துக் கோடியைத் தாண்டின. ஹோண்டா 1991 ஆகஸ்ட் 5-ல் மறைந்தார்.

குழந்தைகளே, கணக்கு வராமல் அடம்பிடித்தால் நோட்டை மூடிவிடாதீர்கள். எந்த இடத்தில் தெரியவில்லை என்று கண்டுபிடித்து, தெரிந்தவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அடம்பிடித்த வளையத்தை ஹோண்டா அப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தார்!