எல்க் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி? கண்ணாடி போட்ட ரூஸ்வெல்ட்டின் சாய்ஸ் இதுதான்!

‘டெடி பியர்’ பொம்மைக்குப் பெயர் வந்ததே இவரால்தான். அமெரிக்காவின் 26-வது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். அரசியல்வாதி, எழுத்தாளர் என்பதோடு தீவிர வேட்டைக்காரரும்கூட. ஆனா, அவருக்குக் கண்பார்வை ரொம்பவே மோசம். அப்படிப்பட்டவர் பெரிய துப்பாக்கிகளுக்கு நடுவே தனக்கானதை எப்படித் தேர்ந்தெடுத்தார்?

குறியே தெரியலையே!

1858-ல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்த ரூஸ்வெல்ட்டை சிறுவயதிலேயே ஆஸ்துமா வாட்டியது. 13 வயது வாக்கில் கைக்குத் துப்பாக்கி வந்தது. நண்பர்கள் சுட்டு வீழ்த்திய குறிகள் அவர் கண்ணுக்கே தெரியவில்லை. கிட்டப்பார்வை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடி போட்ட பிறகுதான் உலகமே தெளிவானது.

ஒரே நாளில் இரண்டு மரணங்கள்

1884 பிப்ரவரி 14. ஒரே வீட்டில், ஒரே நாளில் தாயும் மனைவியும் இறந்துபோனார்கள். மகள் பிறந்து 2 நாள்தான் ஆகியிருந்தது. குழந்தையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, மேற்கே டகோட்டா பகுதிக்குப் போய் மாட்டுப்பண்ணை நடத்தினார். அங்கே, சண்டையில் கொம்புகள் சிக்கி இறந்த இரண்டு எல்க் மான்களின் மண்டையோடுகள் கிடந்தன. அதனால் பண்ணைக்கு ‘எல்க்ஹார்ன்’ என்று பெயர் வைத்தார்.

ஏன் வின்செஸ்டர்?

எல்க், நம்ம கடமானைவிடப் பெரிய மான். ஆண் மான் 300 கிலோவைத் தாண்டும். குண்டு சரியாகப் படாவிட்டால் காயத்தோடு காட்டுக்குள் ஓடி, வலியில் துடித்துச் சாகும். அதனால் பெரிய காலிபர் அவசியம்.

ஷார்ப்ஸ் நிறுவனத்தின் கனமான ரைஃபிள், இங்கிலாந்தில் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கி என்று பலதையும் அவர் முயன்று பார்த்தார். கடைசியில் மனசுக்குப் பிடித்தது 1876 மாடல் வின்செஸ்டர். அதன் கட்டையையும் குறிபார்க்கும் அமைப்பையும் தன் உடம்புக்கும் கண்ணுக்கும் ஏற்றபடி செய்து வாங்கினார்.

அதன் காலிபர் .45-75. அதாவது 0.45 அங்குலக் குழல், 75 கிரெயின் (சுமார் 5 கிராம்) கருமருந்து. குண்டின் எடை 20 கிராமுக்கு மேல். குதிரையிலும் நடையிலும் எடுத்துப்போக வசதி. பின்னுதைப்பு குறைவு என்பதால் குறி கலையாது. முதல் குண்டு தவறினாலும், லீவரை இழுத்து உடனே அடுத்ததைச் சுடலாம். தன்னைப் பெரிய குறிபார்ப்பவராக அவர் நினைத்ததே இல்லை. அப்படிப்பட்டவருக்கு இது பெரிய பலம்.

அதே 1884-ல் வயோமிங்கின் பிக்ஹார்ன் மலைக்குப் போனார். சத்தம் கேட்காத தோல் காலணியோடு, பைன் காட்டுக்குள் எல்க் மான்களைப் பின்தொடர்ந்தார். எல்க், கிரிஸ்லி கரடி இரண்டையுமே அந்த வின்செஸ்டரால் வீழ்த்தினார். அமெரிக்க விலங்குகளுக்கு இதுவே போதும், இந்திய, ஆப்பிரிக்க யானைகளுக்குத்தான் இன்னும் கனமானது வேண்டும் என்பது அவர் கணக்கு. பின்னாளில் ஆப்பிரிக்கா போனபோது, சிங்கத்துக்கு .405 வின்செஸ்டரையும் யானைக்கு இரட்டைக்குழல் துப்பாக்கியையும் எடுத்துப்போனார்.

வேட்டைக்காரரே காவலர் ஆனார்

துப்பாக்கிகள் முன்னேற முன்னேற, விலங்குகள் வேகமாக அழிந்தன. காட்டெருமைகள் கிட்டத்தட்ட காலி. அதை நேரில் பார்த்த ரூஸ்வெல்ட், 1887-ல் நண்பர்களோடு ‘பூன் அண்ட் கிராக்கெட் கிளப்’பைத் தொடங்கினார். வேட்டைக்காரர்களே வனவிலங்குகளைக் காக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

1897-ல் உயிரியலாளர் ஹார்ட் மெரியம், மேற்குக் கடற்கரையின் எல்க் இனத்துக்கு ரூஸ்வெல்ட்டின் பெயரைச் சூட்டினார். ஆனா, கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொள்ளும் பற்களுக்காகவே அந்த மான்கள் கொல்லப்பட்டன.

அதிபர் பதவி முடிய 2 நாள் இருக்கும்போது, 1909 மார்ச் 2-ல், வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பஸ் மலைப்பகுதியில் 6 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார். 1919-ல் ரூஸ்வெல்ட் காலமானார். அந்தப் பகுதி 1938-ல் ஒலிம்பிக் தேசியப் பூங்கா ஆனது. ‘ரூஸ்வெல்ட் எல்க்’ இன்றும் அங்கே மந்தை மந்தையாக மேய்கிறது.