துப்பாக்கிக் குழலில் இருந்து வந்த கறள் பிடிக்காத கத்தி

ஹரி பிரேர்லி பள்ளிக்கூடத்தை விட்டது பன்னிரண்டு வயதில். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் 1871 இல் பிறந்தவர். தகப்பன் உருக்கு ஆலையில் உலைத் தொழிலாளி. மகனும் அங்கேயே போனார். பிறகு ஆலையின் இரசாயன ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவும் பையனானார். இரும்பைப் பற்றிய படிப்பெல்லாம் இரவு வகுப்பிலும், வேலை முடிந்த நேரத்திலும்தான்.

சில வருடங்கள் ரீகா நகரிலும் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர், 1908 இல் ஷெபீல்டின் இரண்டு பெரிய உருக்கு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஆய்வுகூடத்துக்குத் தலைவரானார். பட்டம் இல்லாதவருக்கு இது சிறிய விசயமில்லை.

1912 இல் ஒரு துப்பாக்கித் தயாரிப்பாளர் பிரச்சினையொன்றைக் கொண்டுவந்தார். சுடச் சுடக் குழலின் உட்பக்கம் அரித்துப்போகிறது. பிரேர்லி குரோமியத்தைக் கூட்டிக் குறைத்து உருக்கிப் பார்த்தார். 1913 ஆகஸ்டில் வார்த்த ஒன்றில் குரோமியம் ஏறத்தாழ 13 சதவீதம், காபன் 0.24 சதவீதம். நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்காக அமிலம் பூசினால் அது அரிபடவில்லை. வினாகிரியும் தேசிக்காய்ப் புளியும்கூட அதை ஒன்றும் செய்யவில்லை. குழலை மறந்துவிட்டு அவர் நினைத்தது சாப்பாட்டு மேசைக் கத்தியை. ஆயுதத்துக்காகத் தொடங்கிய ஓர் ஆய்வு குசினியில் போய் முடிவது அடிக்கடி நடப்பதில்லை.

முதலாளிமார் அக்கறை காட்டவில்லை. கத்தி செய்பவர்களிடம் கொடுத்தால், அடிக்கவும் முடியாது, கூரும் நிற்காது என்று திருப்பி அனுப்பினார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊர் சிரித்தது.

பிழை உருக்கில் இல்லை, சூட்டில்தான். சாதாரண காபன் உருக்கை 800 பாகை செல்சியசுக்குக் கிட்டச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்தாலே இறுகிவிடும். குரோமியம் கூடிய உருக்குக்கு அது காணாது. அதில் காபன் குரோமியத்துடன் கட்டுண்டு கிடக்கும். ஏறத்தாழ 1000 பாகை வரை காய்ச்சினால்தான் அவிழ்ந்து கரையும். பழகிய நிறத்தில் தோய்த்தால் கத்தி மெத்தென்றே இருக்கும். கடைசியில் மோஸ்லி நிறுவனத்தின் ஏர்னஸ்ட் ஸ்டுவர்ட் சில தடவைகள் முயன்று நல்ல கத்தி செய்து காட்டினார். 'ஸ்டெயின்லெஸ்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

உரிமை யாருக்கு என்ற தகராறில் பிரேர்லி நிறுவனத்தை விட்டு வெளியேறினார். ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் அதே காலத்தில் இதே வழியில் போனவர்கள் இருந்தார்கள். எல்லாப் புகழையும் ஒருவருக்கே கொடுப்பது நியாயமில்லை. முதலாம் உலகப் போர் வந்ததும் இந்த உருக்கு விமான இயந்திர வால்வுகளுக்குப் போனது.

ஆனாலும் பற்றை வெட்டும் பெரிய கத்தியை அவருடைய உருக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. வேரிலும் கல்லிலும் படும் நீளமான அலகுக்குக் கறள் பிடிக்காமை இரண்டாம் பட்சம். முறியாமல் வளைந்து கொடுக்க வேண்டும், வளவில் வைத்தே அரத்தால் தீட்ட முடிய வேண்டும். அதனால்தான் நம்மூர்ப் பட்டறையில் இன்றும் லொறி வில்லுத் தகட்டைத் தேடுகிறார்கள். அதை இறுக்கத் தோய்த்து அப்படியே விட்டால் கண்ணாடி போல உடையும். மறுபடி இளஞ்சூட்டில் காட்டி இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பது உலையடியில் நிற்பவரின் கண்ணில் இருக்கிறது. அந்தக் கண்ணைப் பிரேர்லி கடைசி வரை மதித்தார். உலைத் தொழிலாளியின் அனுபவம் ஆய்வுகூடக் கணக்குக்குக் குறைந்ததல்ல என்பது அவருடைய எண்ணம்.

1948 இல், 77 வயதில், தோர்க்கே என்ற கடலோர ஊரில் அவர் காலமானார்.