பயில்வான் சாண்டோவும் கொக்கோ டப்பாவும்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் ஒரு வாலிபர் பனியன் வாங்கப் போகிறார். கை வைத்த பனியன் அவருக்கு வேண்டாம். கபடி ஆடும்போது தோளைப் பிடிக்கும். கை இல்லாத பனியன்தான் வேண்டும். கடைக்காரரிடம் என்ன சொல்லிக் கேட்பார்? சாண்டோ பனியன் என்றுதான் கேட்பார்.

சாண்டோ என்றால் என்ன? துணியின் பெயரா? ஊரின் பெயரா? இரண்டும் இல்லை. அது ஒரு மனிதரின் பெயர். ஜெர்மன் நாட்டில் பிறந்து, லண்டன் மாநகரில் வாழ்ந்து, 1925-ல் இறந்துபோன ஒரு பயில்வானின் பெயர். எம்.ஜி.ஆர். நடித்த பல படங்களை எடுத்த சின்னப்பா தேவரும், தேகப்பயிற்சி செய்து அந்தப் பெயரைப் பட்டமாகப் பெற்று, சாண்டோ சின்னப்பா தேவர் ஆனார்.

பனியன் வாங்கிய வாலிபர் அடுத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார். அங்கே ஒரு பெரிய டப்பா இருக்கிறது. டப்பாவின் மேல் கட்டுமஸ்தான ஓர் ஆளின் படம். உள்ளே பொடி. இந்தப் பொடியைச் சாப்பிட்டால் அந்த உடம்பு வரும் என்று படம் சொல்லாமல் சொல்கிறது.

இது இந்தக் காலத்து வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அழகான உடம்பைக் காட்டிப் பொடி விற்றவர்களில் முதல் வரிசையில் இருப்பவர், பனியனுக்குப் பெயர் கொடுத்த அதே சாண்டோதான்!

இளமையில்

அவருடைய உண்மைப் பெயர் பிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர். 1867-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்த நகரம் அப்போது ஜெர்மானியரின் பிரஷ்யாவில் இருந்தது. இப்போது ரஷ்யாவில் இருக்கிறது.

சிறு வயதில் தாம் மெலிந்த, நோஞ்சான் பையனாக இருந்ததாகப் பிற்காலத்தில் அவர் சொன்னார். தகப்பனாருடன் இத்தாலிக்குப் போனாராம். அங்கே பழங்கால வீரர்களின் சிலைகளைப் பார்த்தாராம். அதே போன்ற உடம்பு தமக்கும் வேண்டும் என்று அன்றே உறுதி கொண்டாராம். இது கேட்க இனிமையான கதை. ஆனால் இதற்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு பலமான சாட்சி இல்லை. நோஞ்சானாக இருந்தேன், இப்போது என்னைப் பார் என்று சொல்வது விளம்பரத்துக்கு நன்றாக உதவும். அது சாண்டோவுக்கும் தெரிந்திருந்தது.

வாலிப வயதில் அவர் சர்க்கஸ்களில் வேலை செய்தார். பெல்ஜியம் நாட்டில் அட்டிலா என்ற ஆசானைச் சந்தித்தார். கனமான எடைகளைத் தூக்கி உடலை வளர்க்கும் முறையை அவரிடம் கற்றார். காலையும் மாலையும் இரும்புதான். வேர்வைதான். ஆண்டுகள் ஓடின. உடம்பு உருண்டு திரண்டது.

லண்டன் மேடையில்

1889-ல் லண்டனில் சாம்சன் என்ற பயில்வான் வித்தை காட்டிக்கொண்டிருந்தார். என்னை வெல்ல ஆள் உண்டா என்று சபையோரைப் பார்த்துச் சவால் விட்டார். சாண்டோ மேடை ஏறினார். சாம்சன் செய்த பலப் பரீட்சைகளை எல்லாம் அவரும் செய்து காட்டினார். அதற்கு மேலும் செய்தார். ஒரே இரவில் லண்டன் முழுவதும் அவருடைய பெயர் பரவியது.

1893-ல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பெரிய உலகப் பொருட்காட்சி நடந்தது. அந்தச் சமயத்தில் சாண்டோவின் காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டு, 1894-ல், எடிசனின் ஸ்டூடியோவில் அவரைச் சலனப் படம் எடுத்தார்கள். சினிமா தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்தச் சிறிய படத்தில் அவர் கையை மடக்குகிறார், முதுகைத் திருப்புகிறார். தசைகள் அலை அலையாக அசைகின்றன.

இந்த ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1894. அப்போதே சாண்டோவின் உடம்பு பூரணமாக வளர்ந்துவிட்டது. ஆனால் அவர் பெயரில் ஒரு டப்பாப் பொடிகூட அப்போது உலகத்தில் இல்லை.

நல்ல காரியங்கள்

சாண்டோ வெறும் வித்தைக்காரர் அல்லர். சாமானிய மக்களும் தேகப்பயிற்சி செய்ய வேண்டும் என்று பாடுபட்டவர். 1897-ல் லண்டனில் உடற்பயிற்சி நிலையம் திறந்தார். அதே ஆண்டில் பலம் பெறும் வழியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1898-ல் தேகப்பயிற்சிக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார்.

1901-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் உடற்கட்டுப் போட்டி ஒன்றை நடத்தினார். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் நீதிபதிகளில் ஒருவர். இன்று உலகம் எங்கும் நடக்கும் ஆணழகன் போட்டிகளுக்கு அதுவே முன்னோடி.

1904-05-ல் அவர் இந்தியாவுக்கும் வந்து காட்சிகள் நடத்தினார். வெள்ளைக்காரர் ஆட்சியில் அடங்கிக் கிடந்த நம் வாலிபர்கள் பலருக்குத் தேகப்பயிற்சியில் ஆசை பிறந்தது. பலசாலி என்றால் சாண்டோ என்று சொல்லும் வழக்கம் ஊருக்கு ஊர் வேரூன்றியது.

பெயருக்கு விலை

புகழ் வந்தால் வியாபாரியும் வருவான். சாண்டோவிடமும் வந்தான்.

அவர் பெயரில் கைக்கருவிகள் விற்பனைக்கு வந்தன. வில்சுருள் வைத்த கைக்குண்டு வந்தது. இவற்றில் தவறு ஒன்றும் இல்லை. வாங்கியவர் கையை அசைத்தால்தான் பலன். உழைப்பு வாங்கியவருடையது.

பிறகு, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிளாஸ்மான் என்ற பொடியின் விளம்பரத்துக்கு அவர் தம் பெயரைக் கொடுத்தார். அது பாலில் இருந்து எடுத்த புரதப் பொடி. இன்றைய புரத டப்பாக்களுக்கு அதைப் பாட்டன் என்று சொல்லலாம். அதற்கும் பின்னால், தம்முடைய சொந்தப் பெயரிலேயே கொக்கோ விற்கத் தொடங்கினார். ஆரோக்கியமும் பலமும் தரும் சாண்டோ கொக்கோ என்று அதற்குப் பெயர்.

கொக்கோ விஷம் அல்ல. பால் பொடியும் விஷம் அல்ல. அதைக் குடித்து யாரும் சாகவில்லை. அப்படியானால் தவறு எங்கே?

தவறு படத்தில் இருக்கிறது. படத்தில் இருந்த உடம்பை வளர்த்தது கொக்கோ அல்ல. இரும்பும், வேர்வையும், பல ஆண்டுப் பயிற்சியும் வளர்த்த உடம்பு அது. உடம்பு முன்னே வந்தது. டப்பா பின்னே வந்தது. பின்னே வந்தது முன்னே வந்ததை எப்படி உண்டாக்கும்? சிலைபோல் ஆக ஆசைப்பட்ட ஏழைப் பையன் இதை யோசிக்கவில்லை. சாண்டோவின் பெயரை நம்பிக் காசைக் கொடுத்தான்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வியாபாரம் மலிந்து கிடந்தது. 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவ சங்கம் ரகசிய மருந்துகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டது. பெரும் விலைக்கு விற்ற பல மருந்துகளுக்குள் சில காசு மதிப்புள்ள சரக்கே இருந்தது என்று அந்த நூல் அம்பலப்படுத்தியது.

வீழ்ச்சி

1911-ல் சாண்டோவுக்குப் பெரிய கௌரவம் கிடைத்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தம் தேகப்பயிற்சி ஆசானாக நியமித்தார். ஆனால் 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மனியில் பிறந்தவர் என்பதால் மக்கள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். 1916-ல் கொக்கோ கம்பெனி மூழ்கியது.

1925-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி, 58-வது வயதில், சாண்டோ லண்டனில் காலமானார். பள்ளத்தில் விழுந்த மோட்டார் காரைத் தனியாகத் தூக்கியதால் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அதை இன்றைய ஆராய்ச்சியாளர்கள் முழுவதும் நம்புவதில்லை. உலகம் போற்றிய அந்த உடம்பு, பெயர்க்கல்கூட இல்லாத கல்லறையில் பல ஆண்டுகள் கிடந்தது.

குடித்தவர் கதி

சாண்டோ விற்றது வெறும் கொக்கோ. அவருக்குப் பின் வந்த எல்லா வியாபாரிகளும் அப்படி இல்லை.

அமெரிக்காவில் எபன் பையர்ஸ் என்ற பணக்காரர் இருந்தார். 1906-ல் கால்ப் பந்தாட்டத்தில் அந்த நாட்டின் அமெச்சூர் சாம்பியன். 1927-ல் அவருக்குக் கையில் அடிபட்டது. ரேடிதார் என்ற சத்து நீரைக் குடிக்கும்படி ஒரு டாக்டர் சொன்னார். அது ரேடியம் கலந்த தண்ணீர். அதை விற்றவர் டாக்டரே அல்லர். ஆனாலும் புத்துயிர் தரும் என்று விளம்பரம் செய்தார்.

பையர்ஸ் நூற்றுக்கணக்கில் பாட்டில்களைக் குடித்தார். முதலில் தெம்பு வந்ததுபோல் இருந்தது. பிறகு பற்கள் விழுந்தன. தாடை எலும்பு அரித்துப் போனது. 1932-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி அவர் இறந்தார். அந்த நீரில் கலப்படம் இல்லை. சொன்னபடியே ரேடியம் இருந்தது. அதுதான் அவர் உயிரைக் குடித்தது!

இன்றைய டப்பா

நம் நாட்டில் சட்டங்கள் உண்டு. உயரமாக வளரச் செய்வோம் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சத்துப் பொடிகளுக்கு 2016-ல் தனி விதிகள் வந்தன. மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்று டப்பாவில் அச்சிட வேண்டும். உணவு உரிம எண்ணும் இருக்க வேண்டும்.

ஆனால் உரிம எண் இருப்பதால் மட்டும் உடம்பு வளரும் என்று அர்த்தம் அல்ல. ரசீது இல்லாமல் கை மாறி வரும் டப்பாவில் எண்ணும் உண்மையா என்று தெரியாது. பல நாடுகளில் சோதித்தபோது, டப்பாவில் எழுதாத ஊக்க மருந்துகள் சில பொடிகளில் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது.

இதில் இளம் வீரருக்கு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 2022-ல் ஊக்க மருந்துத் தடுப்புச் சட்டம் வந்தது. வீரரின் உடம்பில் தடை செய்த பொருள் இருந்தால் அதற்கு வீரரே பொறுப்பு. தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொன்னால் மட்டும் தப்ப முடியாது. பல ஆண்டுகள் விளையாட முடியாமல் போகலாம். விற்றவன் கடையை மாற்றிக்கொண்டு போய்விடுவான். பையனின் எதிர்காலம் நின்றுவிடும்.

புரதம் வேண்டாமா? வேண்டும். முட்டையிலும் பாலிலும் பருப்பிலும் அது உண்டு. திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. அதற்கு யார் படமும் தேவை இல்லை.

ஓமந்தூருக்குத் தெரிந்த பாடம்

விற்றால் பணம் வரும், விற்றது பிறர் உடம்பைக் கெடுக்கும் என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு ஓமந்தூரில் பிறந்த ஒருவர் ஒரு பதில் சொன்னார். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராமசாமி ரெட்டியார்தான் அவர். அப்போது கள், சாராயத்தால் அரசாங்கத்துக்குப் பெரும் வருமானம் வந்தது. அவர் ஆட்சியில், 1948-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அந்த வருமானத்தை அரசாங்கம் விட்டது. மதுவிலக்கு நிலைக்கவில்லை, 1971-ல் தளர்ந்தது. ஆனால் எல்லாப் பணமும் நல்ல பணம் அல்ல என்ற எண்ணம் நிலைத்தது.

சாண்டோ கெட்டவர் அல்லர். ஆயிரக்கணக்கான வாலிபர்களைச் சோம்பலில் இருந்து எழுப்பியவர். ஆனால் அவர் பெயரை நம்பியவனிடம் இருந்து வாங்கிய காசுக்கு, அவர் கொடுத்தது கொக்கோ மட்டுமே. பெயர் பெரிதாக ஆகப் பொறுப்பும் பெரிதாகிறது. இன்று டப்பாவில் படம் போட இடம் கொடுக்கும் வீரர்களும், வாங்கச் சொல்லும் பயிற்சியாளர்களும் அதை நினைக்க வேண்டும்.

ஓமந்தூர் வாலிபர் சாண்டோ பனியனை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகட்டும். பொடி டப்பா கைக்கு வந்தால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும். படத்தில் இருக்கும் இந்த உடம்பு, இந்த டப்பா வருவதற்கு முன்னே வந்ததா, பின்னே வந்ததா?