இசை காத்த குடும்பம்

திருவாரூரில் பிறந்த இசைமேதையர் மூவரைக் கருநாடக இசையின் மும்மூர்த்திகள் என்று போற்றுவர். சியாமா சாஸ்திரி, தியாகராசர், முத்துசுவாமி தீட்சிதர் ஆகியோரே அம்மூவர். இவர்களுள் முத்துசுவாமி தீட்சிதரின் வாழ்க்கை, தலைமுறை தலைமுறையாக இசையைக் காத்த ஒரு குடும்பத்தின் வரலாறும் ஆகும்.

தந்தையும் மக்களும்

தீட்சிதரின் தந்தை இராமசுவாமி தீட்சிதர் சிறந்த இசைப்புலவர். அம்சத்வனி என்னும் இராகத்தை உருவாக்கியவர் அவரே. இராமசுவாமியும் அவர் மனைவி சுப்பம்மாளும் நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்தினர். வைத்தீசுவரன் கோயிலில் முத்துக்குமாரசுவாமியை வேண்டியபின் பிறந்த மகனுக்கு அவ்விறைவன் பெயரையே சூட்டினர். பின்னர்ச் சின்னசுவாமி, பாலுசுவாமி என்னும் தம்பியர் இருவரும் பாலாம்பாள் என்னும் தங்கையும் பிறந்தனர். மக்களுக்குத் தந்தையே முதல் ஆசிரியராக விளங்கினார்.

சென்னைக்கு அருகிலுள்ள மணலியின் சமீன்தார் இக்குடும்பத்தை ஆதரித்தார். அங்கு வாழ்ந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய இசையைக் கேட்கும் வாய்ப்பு உடன்பிறந்தாருக்குக் கிட்டியது. பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். அயல்நாட்டுக் கருவியில் நம் இசையை வாசிக்கத் தொடங்கிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. முத்துசுவாமியோ தாம் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளில் நம் தெய்வங்களைப் பாடினார். அப்பாடல்கள் நோட்டுச்சுர சாகித்தியங்கள் எனப்படும்.

வடநாட்டு வாழ்வு

மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்னும் துறவி, முத்துசுவாமியைத் தம்முடன் காசிக்கு அனுப்புமாறு வேண்டினார். மூத்த மகனைப் பிரியத் தந்தைக்கு மனம் ஒப்பவில்லை. எனினும் இறுதியில் இசைந்தார். காசியில் சில ஆண்டுகள் தங்கிய முத்துசுவாமி, இந்துஸ்தானி இசையையும் கேட்டுணர்ந்தார். அவருடைய பாடல்கள் விரைந்து ஓடாமல் நின்று நிதானமாகச் செல்வதற்குத் துருபத் இசையும் ஒரு காரணம் என்பர்.

வடநாட்டு யமன் கல்யாண் இராகத்தை ஒத்தது யமுனா கல்யாணி. அந்த இராகத்தில் அவர் பாடியதோ காவிரிக்கரைத் திருவானைக்கா இறைவனை! வடக்கில் பெற்றதைத் தெற்கின் செல்வத்தோடு சேர்த்தார், எதையும் இழக்கவில்லை.

பிரிவும் தேடலும்

ஊர் திரும்பிய தீட்சிதர், திருத்தணி முருகன்மீது தம் முதற்பாடலைப் பாடினார். அதுமுதல் குருகுக என்பது அவரது முத்திரைச் சொல்லாயிற்று. பின்னர்த் திருவாரூரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, கமலாம்பாள் மீதும் நவக்கிரகங்கள் மீதும் பாடல்கள் இயற்றினார். தந்தை கண்ட அம்சத்வனியில் மகன் இயற்றிய வாதாபி கணபதிம் என்னும் பாடலே இன்றும் பல கச்சேரிகளைத் தொடங்கி வைக்கிறது. நாட்டியக் கலையை வளர்த்த தஞ்சை நால்வர் அவருடைய மாணாக்கர்.

புகழ் பெருகினும் பொருட்செல்வம் பெருகவில்லை. தந்தை 1817இல் மறைந்தார். தம்பியர் இருவரும் ஆதரவு நாடி மதுரைக்குச் சென்றனர். அவர்களைத் தேடித் தீட்சிதர் மதுரையை அடைந்தபோது, சின்னசுவாமி இறந்துவிட்ட செய்தியே அவருக்குக் கிடைத்தது. எஞ்சிய தம்பி பாலுசுவாமி எட்டயபுரம் அரசவையில் இருப்பதை அறிந்து அங்குப் புறப்பட்டார். வழியில் வறண்டு கிடந்த நிலத்தைக் கண்டு மனம் இரங்கி, அமிர்தவர்ஷிணி இராகத்தில் பாடினார் என்றும், உடனே மழை பொழிந்தது என்றும் கூறுவர். எட்டயபுரத்தில் உடன்பிறந்தார் மீண்டும் கூடினர். அவ்வூரிலேயே 1835ஆம் ஆண்டுத் தீபாவளி நாளில் தீட்சிதர் மறைந்தார். அவரது சமாதி அங்கு உள்ளது.

ஏட்டில் ஏறிய இசை

குருவின் வாயிலிருந்து மாணாக்கர் செவிக்குச் சென்ற பாடல்கள், பாடுவோர் மறைந்தால் தாமும் மறையக்கூடும். அவ்வாறு நேராமல் காத்தவர் சுப்பராம தீட்சிதர் (1839–1906). அவர் பாலுசுவாமியின் மகள்வயிற்றுப் பேரர். பாலுசுவாமியே அவரை மகனாகத் தத்தெடுத்தார். குடும்பத்திற்கு வெளியே சொல்லத் தயங்கிய இசைச் செல்வத்தை, சின்னசாமி முதலியாரின் தூண்டுதலாலும் எட்டயபுரம் சமீன்தாரின் ஆதரவாலும் சுரப்படுத்தி எழுதினார். சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் அந்த நூல் 1904இல் வெளிவந்தது. தீட்சிதரின் பாடல்கள் 200க்கும் மேற்பட்டவை அதில் உள்ளன.

இசைக்குடும்பம் ஒன்றில் பிறந்து, தம் மைந்தர்க்கும் இசை கற்பித்த செருமானிய மேதை பாக் (1685–1750) மறைந்தபின், அவருடைய பேரிசை ஒன்று ஏறத்தாழ மறக்கப்பட்டே கிடந்தது. 1829இல் மெண்டல்சன் என்னும் இளைஞர் அதை மீண்டும் அரங்கேற்றினார். எந்நாட்டிலும் மேதையின் படைப்பு வாழப் பின்வருவோரின் உழைப்பு வேண்டும்.

சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னையில் பலருக்கு இப்பாடல்களைக் கற்பித்தார். அவரிடம் பயின்ற டி. எல். வெங்கடராம ஐயர், பின்னாளில் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியாகித் தில்லியில் பணியாற்றினார். திருவாரூரில் தொடங்கிய இசை, இவ்வாறு நம் நகருக்கும் வந்து சேர்ந்தது.

சொற்பொருள்

மகப்பேறு – பிள்ளை பெறுதல்
இசைந்தார் – உடன்பட்டார்
மாணாக்கர் – மாணவர்
எஞ்சிய – மீதமிருந்த
மைந்தர் – புதல்வர்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. பாலுசுவாமி கருநாடக இசைக்கு ஆற்றிய தொண்டு யாது?
2. தீட்சிதர் மதுரைக்குச் சென்றது ஏன்? அங்கு அவர் அறிந்தது என்ன?
3. சுப்பராம தீட்சிதர் தம் குடும்ப இசையை நூலாக்காதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

ஆ. பிரித்து எழுதுக.
பொருட்செல்வம், அவ்வூர், முதற்பாடல்

இ. செய்து பார்க்க.
உங்கள் தாத்தா அல்லது பாட்டிக்குத் தெரிந்த தாலாட்டையோ கதையையோ கேட்டு, அதை உங்கள் குறிப்பேட்டில் தமிழில் எழுதி வருக.