காற்பந்து மேதை ரஹீம்

மாலை வேளையில் தோட்டத் திடலில் பந்து உதைக்கும் நம் பிள்ளைகளுக்குப் பெரிய ஆட்டக்காரர்களின் பெயர்கள் பல தெரியும். அவர்களை உருவாக்கிய பயிற்றுநர்களின் பெயர்கள் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆசியாவே வியந்த ஒரு காற்பந்துக் குழுவை உருவாக்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர் ஆவார். அவர்தாம் சையத் அப்துல் ரஹீம்.

இவர் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அந்நகரப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். உடற்கல்வியிலும் தேர்ச்சி பெற்றார். 1950இல் ஐதராபாத் நகரக் காவல்துறைக் குழுவின் பயிற்றுநரானார். அக்குழு அவ்வாண்டு முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. 1951இல் புதுடில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், இவர் பயிற்றுவித்த இந்தியக் குழு தங்கம் பெற்றது. 1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும் அடைந்தது.

இவர் பிள்ளைகளைப் பழக்கிய முறை புதுமையானது. நம் சிறுவர்களுள் பெரும்பாலோர் வலக்காலால் மட்டுமே உதைப்பர். இடக்கால் ஊன்றுகோலாகவே நிற்கும். ரஹீமோ, பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியுடன் போட்டிகளை நடத்தினார். வெறுங்காலில் ஆடியவர்களையும் உரிய காலணிக்குப் பழக்கினார்.

ஆயினும், ஆட்டக்காரர்கள் அவர்பால் உயிரையே வைத்திருந்தமைக்குக் காரணம் வேறு. ஒவ்வொருவரின் குடும்ப நிலையும் குணமும் அவருக்குத் தெரியும். செகந்தராபாத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் என்னும் இளைஞரின் ஆட்டத்தைக் கண்டு, அவரைப் பயிற்சிக்கு அழைத்தார். நாள்தோறும் வந்து செல்லப் பலராமிடம் பணமில்லை. வாடகைச் சைக்கிளில் வருவதற்கு ரஹீமே பணம் கொடுத்து உதவினார். அந்தப் பலராம் 1956, 1960 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்தியக் குழுவில் இடம்பெற்றார். தம் மகன் ஹக்கீமிடம் ரஹீம் சலுகை காட்டினாரா? 1960இல் ரோமாபுரிக்குச் சென்ற குழுவில் ஹக்கீமும் இருந்தார். ஆனால் ஓர் ஆட்டத்திலும் களமிறங்கவில்லை.

1962இல் நான்காம் ஆசிய விளையாட்டுப் போட்டி ஜகார்த்தாவில் நடைபெற்றது. அப்போது ரஹீமைப் புற்றுநோய் வாட்டிக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா இந்தியாவை 2-0 என வீழ்த்தியது. தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போட நேர்ந்தது. கோல் காவலர் தங்கராஜும் உடல்நலம் குன்றியிருந்தார்.

வேறொரு பயிற்றுநராயின் இருவரையும் ஒதுக்கியிருப்பார். ஜர்னைல் சிங் முன்பு தாக்குதல் வரிசையில் ஆடியவர் என்பதை ரஹீம் மறக்கவில்லை. கட்டுப்போட்ட தலையுடன் அவரைத் தாக்குதல் வரிசையில் நிறுத்தினார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என வென்ற இந்தியா, இறுதியாட்டத்தில் மீண்டும் தென்கொரியாவையே எதிர்கொண்டது. உயரமாக வரும் பந்துகளைத் தடுக்க நெடிய உருவம் கொண்ட தங்கராஜே தக்கவர் எனத் துணிந்து, அவரைக் கோல் காக்கச் செய்தார். அவரவர் ஆற்றலை அறிந்தவருக்கே இத்துணிவு வரும்.

செப்டம்பர் 4ஆம் நாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தமையால், கூட்டம் இந்தியர்மீது கடுஞ்சினம் கொண்டிருந்தது. அந்தக் கூச்சலுக்கிடையே 17ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். சில நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாம் கோலைப் புகுத்தினார். கொரியர் இறுதி நேரத்தில் ஒன்றைத் திருப்பினர், அவ்வளவே. 2-1 என்ற வெற்றியால் தங்கம் இந்தியாவுக்குக் கிட்டியது. அதே போட்டியில் நம் மலாயாக் குழு வெண்கலம் பெற்றதையும் இங்கு நினைவுகூரலாம்.

ஒன்பது திங்கள் கழித்து, 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், 53ஆம் வயதில் ரஹீம் மறைந்தார். ஆசியக் காற்பந்துத் தங்கம் அதன்பின் இந்தியாவுக்குக் கிட்டவேயில்லை. 1970இல் பாங்காக்கில் வெண்கலம் கிடைத்தது. அக்குழுவின் பயிற்றுநர் இருவருள் ஒருவர், ஜகார்த்தாவில் முதல் கோலை அடித்த அதே பானர்ஜி.